மதகடியில் மனைப்பிரிவு: ஆட்சேபனை மனுவில் எதை எழுத வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டத்தைச் சேர்ந்தது. ஏரியின் தெற்கு மதகை ஒட்டிய 14 ஏக்கர் கழனியை வெளியூர்க்காரர் ஒருவர் பலரிடமிருந்து பவர் எழுதி வாங்கி, மூன்று வருடமாகத் தரிசாகப் போட்டு வைத்திருந்தார். சென்ற மாதம் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மேடாக்கினார்கள். இப்போது வெள்ளையடித்த கற்களை நட்டு, முகப்பில் ‘நகர்’ என்று பெயரெழுதிய வளைவும் கட்டிவிட்டார்கள். மதகிலிருந்து இறங்கும் கால்வாய் அந்த நிலத்தின் நடுவே ஓடித்தான் கீழே உள்ள 30 ஏக்கருக்குப் பாய்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் ‘அப்ரூவல் ஆகிவிட்டது’ என்கிறார்கள். இருநூறு பேர் கையெழுத்திட்டு ஆட்சியரிடம் மனு கொடுத்தோம். ‘வட்டாட்சியரின் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி பதில் வந்ததோடு சரி. மனுவின் நகலை இணைத்துள்ளேன். இனி என்ன செய்யலாம், ஐயா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மனுவின் நகலை அனுப்பியது நல்லதாயிற்று, ஏனெனில் சிக்கலின் பாதி அதிலேயே இருக்கிறது. நான்கு பக்க மனுவில் முதல் இரண்டு பக்கங்கள் உழவின் பெருமையையும் முன்னோர் ஏரி வெட்டிய வரலாற்றையும் சொல்கின்றன. மூன்றாம் பக்கம் வெளியூர்க்காரரின் அரசியல் தொடர்புகளைச் சொல்கிறது. நான்காம் பக்கத்தில் கையெழுத்துகள் தொடங்கிவிடுகின்றன. நான்கு பக்கங்களில் ஓரிடத்திலும் புல எண் (சர்வே எண்) இல்லை. நில அளவைத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மனுவைப் பிரிக்கும் எழுத்தர் முதலில் தேடுவது புல எண்ணைத்தான். அது இல்லாவிட்டால், எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு வந்த ஒரு வரி பதிலின் பொருளும் அதுதான்.

அடுத்து, அந்த ‘அப்ரூவல்’ எது என்று கேளுங்கள். பேச்சு வழக்கில் ஒரே சொல்லாக இருந்தாலும், காகிதத்தில் அது குறைந்தது மூன்று வேறு வேறு அனுமதிகள். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கான அனுமதி ஒன்று. மனைப்பிரிவு வரைபடத்துக்கு நகர் ஊரமைப்புத் துறை தரும் தொழில்நுட்ப அனுமதி மற்றொன்று. அதன்பின், சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பிறகு உள்ளாட்சி அமைப்பு தரும் இறுதி ஒப்புதல் மூன்றாவது. முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவதை மட்டும் காட்டி மனை விற்றதுதான் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒரு காலத்தில் ஊரெங்கும் விளம்பரப்படுத்தப்பட்டது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது அந்தப் பழக்கத்தின் விளைவாகத்தான். அவ்வாண்டு அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் தனி விதிகள் வந்தன. இன்று புதிதாகக் கல் நடுகிற ஒருவர் அந்த விதிகளுக்குள் ஒதுங்க முடியாது.

எந்த அனுமதி வந்திருக்கிறது என்பதை வாய்மொழியாகக் கேட்டுப் பயனில்லை. மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். புல எண்களைக் குறிப்பிட்டு, நில உபயோக மாற்ற ஆணை, மனைப்பிரிவு வரைபடம், நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று, வட்டாட்சியரின் அறிக்கை, வேளாண்மைத் துறையின் கருத்துரை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். ‘ஏன் அனுமதித்தீர்கள்’ என்ற வகைக் கேள்விகளை அதில் எழுதாதீர்கள். அவற்றுக்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆவணத்தின் நகலைத் தர வேண்டிய கட்டாயம் உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கோப்பே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் நல்ல சான்றுதான்: அனுமதிக்கு விண்ணப்பிக்காமலேயே கல் நட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இனி நிலத்தின் வகைப்பாட்டுக்கு வருவோம். உங்கள் ஊர் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) எதிலும் சேராத பகுதியில் இருந்தால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017ஆம் ஆண்டின் நில உபயோக மாற்ற விதிகளும் பொருந்தும். அவற்றின்படி நஞ்சை நிலமாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. அவர் வேளாண்மை இணை இயக்குநரின் கருத்தையும் கேட்டறிந்தே முடிவெடுக்க வேண்டும். மூன்று வருடம் தரிசாகப் போட்டு வைத்ததன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆய்வுக்கு வரும் அலுவலர் கண்ணுக்கு அங்கே சீமைக்கருவேலம்தான் தெரியும். ‘விவசாயம் நடைபெறவில்லை’ என்று அவர் எழுதுவதில் பொய்யும் இருக்காது. இதற்கு மாற்று அடங்கல்தான். கிராமக் கணக்கு எண் 2 என்று பதிவேட்டில் குறிக்கப்படும் அந்தக் கணக்கில், ஒவ்வொரு பசலியிலும், அதாவது வருவாய்த் துறைக் கணக்கின் ஒவ்வோர் ஆண்டிலும், அந்தப் புல எண்ணில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று எழுதியிருக்கும். கடந்த பத்துப் பசலிகளுக்கு நகல் வாங்குங்கள். ஏழு வருடம் நெல், மூன்று வருடம் தரிசு என்று அதில் இருக்குமானால், நிலம் வறண்டதனால் கைவிடப்பட்டது அன்று, கைமாறியதனால் விடப்பட்டது என்பது தானாகத் தெரியும்.

ஆனால் உங்கள் வழக்கின் உயிர்நாடி நஞ்சை என்பதில்கூட இல்லை; அந்தக் கால்வாயில் இருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் பட்டா நிலத்தை விற்பதை ஊரார் விரும்பவில்லை என்பது ஒரு வருத்தம் மட்டுமே. கீழே உள்ள 30 ஏக்கரின் தண்ணீரை அவர் மறித்துவிட்டார் என்பது சட்டத்தின் முன் நிற்கக்கூடிய குறை. எனவே முதலில், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் அதன் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். கால்வாய்க்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ கொடுத்து, அ-பதிவேட்டில் ‘கால்வாய் புறம்போக்கு’ அல்லது ‘ஓடை புறம்போக்கு’ என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது அரசின் நிலம், அதை மூடுவதற்கு எந்தப் பட்டாதாரருக்கும் உரிமையில்லை. ஊர்ப் பொது நீர்நிலைகளை ஆக்கிரமித்துக் கட்டியவற்றை அகற்றி மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில், எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் பெயரை மனுவில் குறிப்பிடலாம்.

இணையத்தில் உள்ள புலப்படத்தில் கோடு இல்லையே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல கிராமங்களில் பதிவுகள் பிசகின. புறம்போக்கு பட்டாவாக மாறியதும் உண்டு, பட்டா புறம்போக்கானதும் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டையும் பழைய அளவைப் படத்தையும் கேட்டு வாங்கி ஒப்பிட வேண்டும். நான் ஒருமுறை அளக்கப் போன ஓர் ஊரில், புதிய படத்தின்படி அந்த வயல் வெறும் நாற்கோணம். பழைய படத்தில் அதன் குறுக்கே 15 லிங்க்ஸ் அகலத்தில், அதாவது ஏறத்தாழ 10 அடியில், இரண்டு கோடுகள் ஓடின. எந்தப் படம் சரி என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோது, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக இருந்த ஒரு பெரியவர் மண்வெட்டியால் இரண்டடி கிராவலை விலக்கிக் காட்டினார். உள்ளே கருங்கல்லில் குடைந்த தூம்பு (நீர் பாயும் துளை) ஒன்று, வாயில் களிமண் அடைத்தபடி கிடந்தது. அதற்கு நேர் எதிரே ஒரு முழ தூரத்தில் ‘மனை எண் 27’ என்று சிவப்பு மையில் எழுதிய கல் நின்றது. அதன்பின் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் ஊரிலும் கல் மதகு, தூம்பு, பாலம் என்று ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, இடம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

எந்தப் படத்திலும் இல்லாத, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் வயல் வாய்க்காலாக இருந்தாலும் வழி முற்றிலும் அடைபட்டுவிடாது. 1882ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, ஒரு நீர்வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாகக் கருதிப் பயன்படுத்தியவர்களுக்கு அதன்மீது உரிமை ஏற்படுகிறது. ஆனால் இதை ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்துப் பெற முடியாது. கீழ்மடை விவசாயிகள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை கேட்க வேண்டும். வழக்கில் இருநூறு பேர் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் பயிர் வைத்த நான்கு பேர் போதும்.

கிராவலைப் பற்றி ஒரு சொல். இத்தகைய நிலங்களுக்கு நீர்வளத்துறை தரும் தடையின்மைச் சான்றில், தரைமட்டத்தை இவ்வளவு உயர்த்த வேண்டும், கால்வாயை இந்த அகலத்தில் பேண வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருப்பது வழக்கம். உயர்த்தச் சொல்வது, வரப்போகும் வீடுகளுக்குள் வெள்ளம் புகாமல் இருப்பதற்காக. மேடாக்கிய 14 ஏக்கரிலிருந்து ஒதுங்கும் தண்ணீர் பழைய ஊருக்குள்தான் போகும் என்பதை யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அது கோப்பில் இடம்பெறும். 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நீர்வழியை ஒட்டி எழுந்த நகர்கள் மூழ்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. உங்கள் மனுவில் அந்த ஊர்களின் கதையை எழுதுவதைவிட, உங்கள் ஊரில் ஏரி நிரம்பிக் கலங்கல் பாய்ந்த கடைசி ஆண்டில் தண்ணீர் எந்தத் தெருவரை வந்தது, இப்போது மேட்டின் உயரம் எத்தனை அடி என்று இரண்டு வரி எழுதுவது அதிகம் பயன்படும். வரைபட நகல் கிடைத்ததும் பூங்கா இடம் எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 சதவீதம் பொது ஒதுக்கீடாகத் தரப்பட வேண்டும்; 14 ஏக்கர் என்பது அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். விற்க முடியாத கால்வாய்ப் பள்ளத்தையே பூங்கா என்று பச்சை வண்ணம் தீட்டிக் கணக்குக் காட்டும் சாமர்த்தியத்தை நான் கண்டிருக்கிறேன்.

மனுவை மீண்டும் எழுதுங்கள். ஒன்றரைப் பக்கம் போதும். அதன் முதல் பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: ‘மேற்படி கிராமப் புல எண் ___இன் ஊடே, அளவைப் படத்தில் கண்ட ___ லிங்க்ஸ் அகலமுள்ள கால்வாய், ஏரியின் தெற்கு மதகிலிருந்து புல எண்கள் ___ முதல் ___ வரையுள்ள 30 ஏக்கர் நஞ்சைக்கு நீர் கொண்டு செல்கிறது. இக்கால்வாய் ___ தேதியில் கிராவல் கொட்டி ___ மீட்டர் நீளத்துக்கு மூடப்பட்டுள்ளது. புலப்படம், அ-பதிவேடு, அடங்கல் நகல்களும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. கால்வாயை அளந்து எல்லை காட்டி, அடைப்பை அகற்றி, அதுவரை மனைப்பிரிவு அனுமதியை நிறுத்தி வைக்க வேண்டுகிறோம்.’ இதன் நகலை ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், நகர் ஊரமைப்பு அலுவலகம் ஆகிய நால்வருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஏரியின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருக்கும், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறையிடம் இருக்கும். அதற்கேற்ப ஐந்தாவது நகலின் முகவரி மாறும். நேரில் கொடுப்பதற்குத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளைவிட, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டமே உகந்தது. அங்கே வருவாய், வேளாண்மை, நீர்வளம் என எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பார்கள். ‘அது எங்கள் துறை அல்ல’ என்று சொல்வதற்குக் கூச்சப்படுவார்கள்.

நாள் கடத்தாதீர்கள். அனுமதிக்கு முன் வரும் மனு ஆட்சேபனை. அனுமதி கையெழுத்தான பின் அதே காகிதம் வெறும் புகார். அதன்பின் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்ற செலவு மிகுந்த வழிதான் மிஞ்சும்.

கேள்வி: எங்கள் ஊரில் வரவிருக்கும் மனைப்பிரிவை எதிர்த்துக் கிராம சபையில் தீர்மானம் போட்டால் அது செல்லுமா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: தீர்மானம் தடையாணை ஆகாது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரத்தைச் சட்டம் கிராம சபையிடம் கொடுக்கவில்லை. ஆயினும் தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு பதிவாகி, வருகைப் பதிவில் கையெழுத்துகளும் இருக்கும் ஒன்றை, பின்னர் எந்த நீதிமன்றத்திலும் ஊரின் கருத்துக்குச் சான்றாகக் காட்டலாம். இறுதி ஒப்புதலும் தானப் பத்திரமும் உள்ளாட்சியின் கை வழியாகவே போக வேண்டியிருப்பதால், தீர்மானத்தை மீறி அவசரமாக ஒப்புதல் தர அலுவலர்கள் யோசிப்பார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ‘எதிர்க்கிறோம்’ என்று ஒரு சொல்லில் முடிக்காமல், புல எண்ணையும் பாதிக்கப்படும் பாதையையோ கால்வாயையோ பெயர் சொல்லி எழுதச் செய்யுங்கள். கூட்டம் முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். அந்த இடத்திலேயே எழுதி வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆன பிறகும் எங்கள் தெருக்கோடி வயலில் மனை போடுகிறார்களே, எப்படி?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பலருக்கும் உள்ள மயக்கம் இது. 2020ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற சில குறிப்பிட்ட தொழில்களையே தடுக்கிறது. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. நஞ்சை மாற்றம் பற்றி மேலே சொன்ன வழிதான் உங்களுக்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆறு ஏக்கரில் அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும்?
– வாசகர், கோயம்புத்தூர் மாவட்டம்

பதில்: நடக்காது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்துக்காகக் காத்திருந்தால் அனுமதியே வந்துவிடும். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு இப்போதே எழுதுங்கள். தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே என்ற இரண்டும் கிராமப்புறத் திட்டங்களில் பெரும்பாலும் பலவீனமான இடங்கள். அனுமதி வந்துவிட்டால், 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: ஊரின் கிழக்கே ஆதிதிராவிடர் நலத்துறை இலவச வீட்டுமனை வழங்கப் போகிறது. அங்கே குடியிருப்பு வந்தால் ஊர் அமைதி கெடும் என்று பெரியவர்கள் ஆட்சேபனை எழுதச் சொல்கிறார்கள். நல்ல வாசகம் தர முடியுமா?
– பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முடியாது. உங்கள் கடிதத்தில் கால்வாய் இல்லை, பாதை இல்லை, பள்ளம் இல்லை; யார் குடிவரப் போகிறார்கள் என்ற ஒன்றே இருக்கிறது. அதை எவ்வளவு நாகரிகமான சொற்களில் எழுதினாலும் படிப்பவருக்குப் புரியும், புரியவும் வேண்டும். இதற்கு நில அளவைப் படங்களைக் கருவியாக்கித் தர இந்தப் பகுதியில் இடமில்லை. அந்த நிலம் உண்மையிலேயே மழையில் மூழ்கும் இடமென்றால், அதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் அங்கே குடியேறப் போகிறவர்கள். அவர்கள் மேட்டு நிலம் கேட்டால் ஊரார் துணை நில்லுங்கள்.

கேள்வி: ஏரிக்கரை ஓரம் ஒரு மனைக்கு இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். மனையின் விலை ஒன்பது லட்சம். இப்போது அந்த இடத்துக்கு ஊரார் ஆட்சேபனை தெரிவிக்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்தைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதற்கோ முன்பணம் வாங்குவதற்கோ அனுமதி இல்லை. பதிவு செய்த திட்டமாக இருந்தாலும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களிடம் வாங்கியது 22 சதவீதத்துக்கும் மேல். துண்டுப் பிரசுரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதே எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தேடி, அங்கே உள்ள வரைபடத்தில் உங்கள் மனை எண்ணுக்குப் பக்கத்தில் என்ன வரைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பணம் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றால், வங்கிக் கணக்கு விவரத்தையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள்.